சாக்பீஸ் கோட்டுக்கு இந்தப் பக்கம்

என் ஆய்வுக்கூடத்து வாசலில் ஒரு சாக்பீஸ் கோடு உண்டு. அழிய அழியப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். அதைப் போடக் கற்றது இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றில்.

வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேடப்போகிற விண்வெளித் தொலைநோக்கிக்காக அங்கே ஒரு கார்பன் இழைத் தண்டு தயாரானது. கண்ணாடிகளை அசையாமல் தாங்கவேண்டிய தண்டு. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டாலும் போச்சு, கோள் கண்ணில் படாது. இழை இழையாகச் சுற்றி ஒட்டி அதைச் செய்தவர் எங்கள் போர்மேன், வியாசர்பாடிக்காரர், ஒருகாலத்தில் கால்பந்து ஆடியவர். அதைச் சோதனைப் பெட்டிக்குள் வைத்து லேசரால் அளப்பது புதிதாகச் சேர்ந்த என் வேலை. தண்டின் நீளத்தைக் காட்டும் வரைகோடு திரையில் படுத்தே கிடக்கவேண்டும். அதுவோ தினமும் ஏறியது. ஒட்டியதில்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னேன். தண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஆளை வைத்துச் செய்யலாம் என்றார் மேலாளர். போர்மேன் என் வரைபடத் தாள்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ஓட்டமும் நடையுமாக வந்தார். "கோடு பதினோரு மணிக்கு எறங்கிடுது, நாலு மணிக்கு எறங்கிடுது. இன்னா டைமு அது? நீங்க டீ குடிக்கப் போற டைமு மேடம்! வந்து பக்கத்துல குந்தினா மறுக்கா எகிறுது. தண்டு நல்லாத்தான் கீது. உங்க ஒடம்பு சூடுதான்!"

எனக்குச் சுருக்கென்றது. ஆசை தாங்காமல் பெட்டியை ஒட்டியே உட்கார்ந்து கிடந்தவள் நான்தானே! மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் அதற்கெல்லாம் நிற்கவில்லை. வயரை இழுத்து, திரையைக் கேன்டீன் கொட்டகைக்குக் கொண்டுவந்து, அறை வாசலில் கோடு கிழித்தார். "ஒருத்தரும் தாண்டக் கூடாது. நானுந்தான்."

மாலைவரை வரைகோடு படுத்தே கிடந்தது. தண்டு தேறிவிட்டது! வெளியே கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் காதைக் கிழித்துக்கொண்டிருக்க, நாங்கள் பத்துப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தோம். போர்மேன் கோல் போட்டவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி ஓடினார். தான் செய்த தண்டு ஜெயித்தபோது அதன் பக்கத்தில் அவர் இல்லை.

போன மாதம் அவரை என் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தேன். உள்ளே ஒரு புதுத் தண்டு சோதனையில் இருந்தது. கோட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"வாணாம் மேடம், எகிறிடும்."

"எகிறட்டும் அண்ணே. அன்னிக்குத் தப்பு என்னோடது" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். அவர் குனிந்து பார்க்கப் பார்க்க, திரையில் வரைகோடு மெல்ல மேலே ஏறியது. அந்த ஏற்றம் பதிவான தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.