அம்மாவின் பீரோவில் இசைத்தட்டுகள்

அம்மாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள் அவளுடைய பீரோவைத் திறந்தேன். அந்துருண்டையும் பழைய அட்டையும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. புடவைகளுக்கு நடுவே அப்பாவின் இசைத்தட்டுகள் நின்றுகொண்டிருந்தன.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எங்கள் ராயபுரம் வீட்டில் ஜன்னலைத் திறந்தாலே கரித்தூள் வந்து படியும். ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் பழைய பனியனை நனைத்துப் பிழிந்து, தட்டின் கோடுகள் போகும் வழியிலேயே வட்டமாகத் துடைப்பார். படுக்கவைத்தால் வளைந்துவிடும் என்று பீரோவில் நிற்கவைப்பார்.

எனக்குப் பத்து வயதில் அவர் இறந்தார். முப்பதாம் நாள் பூசையன்று பெரியப்பா கோணிப்பையோடு வந்தார்.

"புருசன் செத்த வூட்ல பாட்டு இன்னாத்துக்கு? குடு, எட்த்துனு போயி வித்துர்றேன்."

அம்மா பீரோவிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். அதே பனியனை நனைத்து, அப்பாவைப் போலவே நிதானமாகத் துடைத்தாள். ரெக்கார்டு பிளேயரில் வைத்து முள்ளை இறக்கி, சத்தத்தை முழுதாகத் திருகினாள். தெருவே எட்டிப் பார்த்தது.

"செத்தது அவுரு, மாமா. எனக்குக் காது இன்னும் கீது."

பெரியப்பா காலிக் கோணியைச் சுருட்டிக்கொண்டு போனார். அதன் பிறகுதான் அம்மா அழுதாள். அழுதுகொண்டே, "தட்டத் திருப்பிப் போடுடி," என்றாள் என்னிடம். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் பாட்டு நிற்கவில்லை.

இன்று தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சித்தி உள்ளே வந்தாள். வாசலில் துக்கம் கேட்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்பப் போயி இதுவாடி?"

"இப்பத்தான் சித்தி," என்று தட்டைப் பிளேயரில் வைத்து முள்ளை இறக்கினேன்.