மஞ்சள் என்று எழுதிய ஐந்து நாட்கள்

ஆறாம் வகுப்பில் படிக்கும்போது ஐந்து நாட்கள் தொடர்ந்து நான் ஒரு பொய்யை எழுதினேன். அதன் பலனை அனுபவித்தவன் என் தம்பி.

அவனுக்கு அப்போது ஆறு வயது. சிறுநீரில் புரதம் வெளியேறுகிற சிறுநீரக நோய். மருந்துக்கு அடங்கும், சில மாதம் கழித்துத் திரும்பி வரும். அதனால் தினமும் காலையில் அவன் சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை முக்கிப் பார்க்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் நிம்மதி. பச்சையானால் புரதம் போகிறது. மூன்று நாள் சேர்ந்தாற்போல் பச்சை வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்குப் பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் காலை ஷிஃப்ட். வைட்ஃபீல்டுக்கு ஆபீஸ் வண்டி ஓட்டிய அப்பா அவளுக்கும் முன்னால் கிளம்பிவிடுவார். ஆகவே பட்டை முக்குவதும் நோட்டில் எழுதுவதும் என் பொறுப்பு. பெரிய மனுஷி என்கிற நினைப்பில் பெருமையாகவே செய்துவந்தேன்.

ஒரு சனிக்கிழமை பள்ளியில் மைசூர் டூர். அதற்கு முந்தின திங்கட்கிழமை பட்டை பச்சையானது. உள்ளபடி எழுதி, மூன்று நாளும் பச்சை என்றாகிவிட்டால் ஆஸ்பத்திரி, அம்மாவுக்கு லீவு, என் டூர் போயே போச்சு. ‘மஞ்சள்’ என்று எழுதினேன். டூர் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன். மறுநாள் பச்சை இன்னும் கருத்தது. அன்றும் மஞ்சள்.

வியாழக்கிழமை எழுந்ததும், “அக்கா, கண்ணு தொறக்க மாட்டேங்குது” என்றான் தம்பி. இமைகள் உப்பியிருந்தன.

“தூக்கம்டா. மூஞ்சக் கழுவு” என்றேன்.

சாயங்காலம் அம்மா வருவதற்குள் கண் வீக்கம் வடிந்துவிடும். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. இன்றும் நினைத்தால் உடம்பு கூசுவது அதற்குத்தான்.

டூரில் அரண்மனை பார்த்தேன், மிருகக்காட்சிசாலையில் கத்திச் சிரித்தேன். திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, “தம்பிக்கு ஜொரம். வயித்து வலின்னு துடிச்சுட்டான்மா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருக்காங்க” என்றார்.

மறுநாள் காலை அப்பா என்னை அங்கே கூட்டிப்போனார். தம்பி வயிறு பானைபோல் வீங்கி, முனகக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். அவன் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. தாறுமாறாக ஏறியிருந்தது.

“யூரின்ல புரதம் போறப்ப கிருமியோட சண்டை போடற சத்தும் சேர்ந்து போயிடுதம்மா” என்றார் டாக்டர். “வயித்துல தேங்கின தண்ணில இன்ஃபெக்‌ஷன் ஆயிடுச்சு.” பிறகு நோட்டைப் புரட்டினார். “இந்த வீக்கம் ஒரே நாள்ல வராது. அஞ்சு நாளும் மஞ்சள்னு இருக்கே? யாரு பாத்தது?”

அம்மா நோட்டைப் பார்த்தாள். என் குண்டு குண்டான கையெழுத்து. ஒரு கணம் என்னையும் பார்த்தாள்.

“நான்தான் மேடம். அவசரத்துல கலர் சரியா கவனிக்கல.”

“பெத்த தாய் நீங்களே இவ்ளோ அலட்சியமா இருந்தா எப்படி? குழந்தை உயிரோட விளையாட்டா?” வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படி டாக்டர் திட்டினார். அம்மா தலை குனிந்து நின்றாள். தப்பித்தோம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அம்மாவே பொய் சொல்கிறாளே, அப்படியானால் என் பொய் ஒன்றும் பெரிதில்லை என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் தம்பி வீடு திரும்பினான். வளர வளர அந்த நோயும் அவனை விட்டுப் போய்விட்டது. அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பெனியில் கெஞ்சி மதிய ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டு, தினமும் தானே பட்டை முக்கிப் பார்த்தாள். நாங்கள் பள்ளி விட்டு வரும்போது அவள் வீட்டில் இருக்கமாட்டாள். அவள் வரும்போது நாங்கள் தூங்கியிருப்போம். மூன்று வருடம் அப்படியே ஓடியது.

காலையில் அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம் என்று எனக்கு அப்போது ஒரே சந்தோஷம்.