செவலை கேட்ட மணி

கோரமண்டல் தங்கச் சுரங்கத்துப் பக்கம், ஆளும் கல்லும் ஏறி இறங்கும் ஒரு சின்ன ஷாஃப்டுக் குழியின் வாயில் காத்தவராயன் மாடு ஓட்டினான். அவனுடைய செவலை செக்குமாடுபோல் சுற்றிவந்தால் கயிறு உருளையில் ஏறும், பக்கெட் மேலே வரும். கீழேயிருந்து ஒரு மணி அடித்தால் செவலை நின்றுவிடும். மூன்று மணி அடித்தால், பக்கெட்டில் ஆள் ஏறியிருக்கிறான் என்று மெதுவாக நடக்கும். அதைப் பார்க்கவே பேத்தமங்களாவிலிருந்து ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. பழக்கினவன் கெட்டிக்காரன் என்றார்கள்.

யாரும் பழக்கவில்லை. குடியாத்தத்திலிருந்து வந்த வருஷமே வெடிச் சத்தத்தில் காத்தவராயனுக்கு இரண்டு காதும் போய்விட்டன. மணி அடித்ததை மாட்டின் நடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். வேலை போய்விடுமென்று ஆறு வருஷம் மூச்சு விடவில்லை.

ஒருநாள் ஆபிரகாம் மேஸ்திரி பின்னாலிருந்து நாலு தரம் கூப்பிட்டும் அவன் திரும்பவில்லை. குட்டு உடைந்தது. மேஸ்திரி மாட்டுக் கயிற்றைப் பிடுங்கி வேறொருவனிடம் கொடுத்தார். மூன்று மணி அடித்தது. மேஸ்திரி பார்க்கிறார் என்ற வேகத்தில் புது ஆள் சாட்டையால் விளாசினான். செவலை ஓடவில்லை. அடி வாங்கிக்கொண்டே மெதுவாக நடந்து, உள்ளே இருந்தவனைப் பத்திரமாக மேலே சேர்த்தது.

மேஸ்திரி காத்தவராயன் பக்கம் திரும்பினார். "காது இருக்கிற இவன் மணியக் கேக்கல. நீ மாட்டையாவது கேக்கற. இன்னா நிக்கற? ஓட்டு!"

காத்தவராயனுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கயிறு மட்டும் கைக்குத் திரும்பி வந்தது. நெடுநாள் அடக்கிவைத்த மூச்சை விட்டான்.

செவலையின் காது அசைந்தது.