அக்கா கூட்டிப்போன சீனப் படம்

தியேட்டர் வாசலில் காவலாளி என் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இன்னா சார் இது, ஆவி வருது?" சுடுதண்ணீர் என்றேன். நம்பவில்லை. திருவண்ணாமலைச் சித்திரை வெயிலில் சுடுதண்ணீர் குடிப்பவனை யார்தான் நம்புவார்கள்? "உடம்பு சரியில்லீங்களா?" என்று அக்காவிடம் கேட்டார். "நல்லாத்தான் இருக்கான். சைனாவுல இருக்கான், அதான்" என்றாள். பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார். நான் வேலை பார்க்கும் குவாங்சோ நகரத்தில், ஓட்டலில் உட்கார்ந்ததும் மேசைக்கு வருவது சுடுதண்ணீர்தான். ஒன்பது வருடத்தில் என் தொண்டை அதற்குப் பழகிவிட்டது. இதையெல்லாம் வாசலில் நின்று எப்படி விளக்குவது?

எனக்கு அக்கா மேல்தான் சந்தேகம். கன்னத்தில் அறைகிற காட்சி வந்தாலே டிவியை அணைப்பவள், தமிழ் பேசும் சீனச் சண்டைப் படத்துக்கு, மாமாவையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு என்னை மட்டும் இழுத்து வந்திருக்கிறாள். காரணமில்லாமல் ஆட்டோகூட ஏறமாட்டாள். எனக்கும் மறைக்க ஒன்று இருந்தது. அம்மாவைப் பார்க்க விடுப்பில் வந்ததாகச் சொல்லியிருந்தேன். அது பாதிதான். மீதி, திருமணமாகாதவன் என்று சான்றிதழ் வாங்குவது. லின் என்ற குவாங்சோப் பெண்ணைக் கட்டிக்கொள்ள அந்தத் தாள் வேண்டும். இந்த வயதில் இந்தியாக்காரனுக்கு ஊரில் மனைவி இல்லாமலா இருக்கும் என்பது லின்னின் அம்மாவுக்குத் தீராத சந்தேகம். மனு கொடுத்து மூன்று நாளாகிறது; வீட்டில் மூச்சு விடவில்லை. செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிற ஊர்தான் இது. வீட்டுக்கு மருமகளாக வருவது வேறு சங்கதி.

படத்தில் நாயகன் மூங்கில் உச்சியில் நின்று வாள் சுழற்றினான். அரங்கமே விசிலடித்தது. குவாங்சோ தியேட்டரில் இருமினாலே திரும்பிப் பார்ப்பார்கள். அந்த விசிலைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் அக்கா திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு வீட்டுக் காட்சி. நாயகி தேநீர் ஊற்றினாள். நாயகன் இரண்டு விரலை மடக்கி மேசையில் மெல்லத் தட்டினான். "சிக்னல் குடுக்குறான்டா!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். சண்டை எதுவும் வரவில்லை. நாயகி சிரித்துவிட்டுப் போனாள். எனக்கு லின் வீட்டுத் தேநீர் மேசை நினைவுக்கு வந்தது.

"நீயும் இப்படித்தானே தட்டுற?" என்றாள் அக்கா. "அம்மா காபி ஊத்துனா தட்டுற, நான் ரசம் ஊத்துனா தட்டுற. சீக்கிரம் ஊத்துன்னு அதிகாரம் பண்றான்னு அம்மா அழுவுறாங்க."

தட்டுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. தேநீர் ஊற்றுபவருக்கு அந்தப் பக்கத்து மக்கள் வாய் திறக்காமல் நன்றி சொல்லும் வழக்கம் அது. லின் வீட்டுக்கு முதல்முறை போனபோது, அவள் அம்மா ஊற்ற ஊற்ற, நம் வழக்கப்படி போதும் என்று கோப்பையின் மேல் கையை நீட்டினேன். அவர் முகம் சுருங்கியது. லின்தான் என் விரல்களை மடக்கித் தட்டவைத்தாள். வெளிநாட்டில் பிழைப்பவர்களுக்குத் தெரியும்: நாம் எதைக் கற்றுக்கொண்டோம் என்பது ஊருக்கு வந்தபிறகுதான் நமக்கே தெரிகிறது.

"அது நன்றி சொல்றதுக்குத்தான், அக்கா."

"தெனம் ஒருத்தி ஊத்துனாதான் இவ்ளோ பழக்கம் வரும். யாரு ஊத்துறா?"

இடைவேளை விளக்கு எரிந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"வி.ஏ.ஓ. நேத்தே போன் பண்ணாரு. உனக்குக் கல்யாணம் ஆகலன்னு நான் வந்து கையெழுத்துப் போடணுமாம்" என்றாள். "அங்கயே கட்டிக்கினு மறைக்கிறியோன்னு பயந்துட்டேன். வீட்ல கேட்டா அம்மா காதுல விழும், அதான் இங்க இட்டாந்தேன். பொய்க் கையெழுத்துப் போடமாட்டேன். அண்ணாமலையார் மேல சத்தியமா சொல்லு, கட்டிக்கினியா?"

"இல்லக்கா."

நம்பினாளா என்று தெரியவில்லை. மீதிப் படத்தைக் கண் எடுக்காமல் பார்த்தாள்.

மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டாள். இரண்டு நாள் கழித்து இ-சேவை மையத்தில் சான்றிதழை அவளே வாங்கினாள். நான் கை நீட்டினேன். தரவில்லை.

"மொதல்ல அம்மாகிட்ட சொல்லு. அப்புறம் தரேன்."

தாள் வந்துவிட்டதா என்று லின் செய்தி அனுப்பியிருந்தாள். என்ன பதில் எழுதுவது? எனக்கென்று ஒருத்தி இல்லை என்று என் ஊர் எழுதிக்கொடுத்த தாள், அக்காவின் கைப்பையில், எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.