தலைவர் பிஸி

நாற்பது வயதை நெருங்கும் வரை கண்ணுசாமிக்கு அந்த வார்த்தை தெரியாது. ரெட்டியார்சத்திரத்துக்குத் தெற்கே ஒரு கிணற்றையும் கொஞ்சம் வெங்காயக் காட்டையும் வைத்துக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் "இந்தா வாரேன்" என்று வருகிற மனிதராகத்தான் இருந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. பெரிய கைகள் இரண்டு முட்டிக்கொண்டதில் நடுவில் நின்ற இவர் தலைவராகிவிட்டார். ஆபீசரைப் பார்க்க முதல் தடவை போனபோது, வாசலில் இருந்த பியூன் "ஐயா பிஸி" என்று சொல்லி மதியம் வரை வேப்பமரத்தடியில் உட்கார வைத்தான். சன்னல் வழியே எட்டிப் பார்த்தால் ஐயா காது குடைந்துகொண்டிருந்தார். வேறு ஆளாக இருந்தால் கோபம் வந்திருக்கும். கண்ணுசாமிக்கு ஆசை வந்தது.

அன்றைக்கே ஒரு தோல் பை வாங்கினார். பைக்குள் ஒரு துண்டும் வெற்றிலைப் பொட்டலமும் இருந்தன. மனைவி கருப்பம்மாள் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சக் கூப்பிட்டால் பிஸி. மின்சாரக் கம்பம் எப்போது வரும் என்று ஊர்க்காரன் கேட்டால் பிஸி. அந்த இடத்தில் அதற்கு "எனக்குத் தெரியாது" என்று அர்த்தம். பிடிக்காத முகம் எதிரே வந்தால் பிஸி, பிடித்த முகமாக இருந்தாலும் தன் மதிப்பு கூடட்டும் என்று செத்த நேரம் பிஸி. நாவிதரிடம் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருக்கும்போதுகூட, "சட்டுனு முடிப்பா, பிஸி" என்பார். முடிந்ததும் டீக்கடையில் போய்ப் பொழுது சாய உட்கார்ந்திருப்பார். ஊர் சிரித்தது. சிரித்துக்கொண்டே "தலைவரே" என்று கும்பிடவும் செய்தது. அவருக்குக் கும்பிட்டது மட்டும்தான் தெரிந்தது.

அவருக்கு உடன்பிறந்தவள் ஒருத்திதான், அக்கா பழனியம்மாள். தாய் போன பிறகு அவரை இடுப்பில் தூக்கித் திரிந்து வளர்த்தவள். தாடிக்கொம்பில் வாழ்க்கைப்பட்டு, புருஷனை இழந்து, பூக்கட்டி விற்று மகள் முத்துப்பேச்சியை எட்டாவது வரை படிக்க வைத்திருந்தாள். அறுபத்தைந்தாம் வருஷம் அவளுக்கு நெஞ்சு நோவு முற்றியது. மருந்துக்கு யாரிடமும் கை நீட்டவில்லை. "தம்பி ஒருதரம் வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போகட்டும்" என்பது ஒன்றுதான் அவள் கேட்டது.

முத்துப்பேச்சி பஸ் ஏறி வந்தாள். கண்ணுசாமி பஞ்சாயத்துக் கட்டடத்தில் இரண்டு மெம்பர்களோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வரப்போகிற ஆபீசருக்கு ரோஜா மாலையா சம்பங்கி மாலையா என்பது பேச்சு. மருமகளை வாசலிலேயே நிறுத்தி, "மாமா பிஸியா இருக்கேன் ஆத்தா. வெள்ளிக்கிழம வாரேன்னு அக்காட்டச் சொல்லு" என்றார்.

வெள்ளிக்கிழமை பழனியம்மாள் தலை சீவிவிடச் சொல்லி, வாசலைப் பார்க்கக் கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லி, பொழுது சாயும் வரை படுத்திருந்தாள். அவர் போகவில்லை. மறந்துவிட்டார் என்றால்கூட மன்னிக்கலாம். நினைவிருந்தது. போனால் தலைவருக்கு வேலை இல்லை என்று நினைத்துவிடுவார்களே என்று இருந்துவிட்டார்.

முத்துப்பேச்சி மறுபடியும் வந்தாள். "அம்மா அன்னைக்கு முழுக்க வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு மாமா."

"அதத்தான் பிஸிங்கிறேன். படிச்ச புள்ள, இது கூடவா வெளங்கல?" என்றார். மெம்பர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அவள் பஸ்ஸுக்குப் போனாள்.

ஊர்க் குடிதண்ணீர்க் கிணற்றைத் திறக்க ஆபீசர் வருகிற நாள். விடிந்ததும் விடியாததுமாகச் சடையாண்டி வந்து நின்றான். தாடிக்கொம்புச் சுடுகாட்டைப் பார்த்துக்கொள்கிறவன், கேதம் சொல்கிறவனும் அவன்தான்.

"அய்யா, அக்கா தவறிட்டாக."

கண்ணுசாமி சுவரில் சாய்ந்து அழுதார். அது பொய் அழுகை இல்லை. ஆனால் கண்ணைத் துடைத்த கையோடு வாசலில் கட்டியிருந்த தோரணத்தைப் பார்த்தார். "நீ முன்னால போ. கோடி எடுத்துக்கிட்டு வாரேன்னு சொல்லு."

"இப்பவே கெளம்புங்க" என்றாள் கருப்பம்மாள்.

"நான் போகாம எடுத்துருவாகளாக்கும்?"

அந்தத் தைரியத்துக்குக் காரணம் இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு பெண் செத்தால், அவள் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டுவந்து உடம்பின் மேல் போர்த்த வேண்டும். அந்தக் கோடி வராமல் யாரும் பாடையைத் தொட மாட்டார்கள். உயிரோடு இருந்தபோது காத்துக் கிடந்தவள், செத்த பிறகா காத்திருக்க மாட்டாள்? கண்ணுசாமி போட்ட கணக்கு இதுதான். கருப்பம்மாள் அவரை எதிர்பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

ஆபீசர் உச்சிக்குத்தான் வந்தார். மாலை, பேச்சு, சாப்பாடு எல்லாம் ஆயிற்று. பிறகு கண்ணுசாமி வாடகைக் கார் பிடித்துத் திண்டுக்கல் போய் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தார். சாதாரணச் சேலை எடுக்க மனம் வரவில்லை. தலைவர் போடுகிற கோடி, தாடிக்கொம்பு வாயைப் பிளக்க வேண்டும். கட்டுக் கட்டாகப் பிரித்துப் போடச் சொல்லி, அரக்குப் பட்டு ஒன்றை எடுத்தார். தாடிக்கொம்பு சேரும்போது வெயில் இறங்கியிருந்தது.

வீட்டு வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முத்துப்பேச்சி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "வாங்க மாமா" என்றாள். இழவு வீட்டில் யாரையும் வாங்க என்று சொல்லக்கூடாது. சுற்றி இருந்த பெண்கள் திடுக்கிட்டார்கள். "உக்காருங்க. காப்பி குடிக்கிறீகளா?"

"ஆத்தா... கோடி வராமலா தூக்குனாக?"

"மதியம் வரைக்கும் வச்சுருந்தோம். வெயிலுக்கு அம்மா மொகம் மாறிப்போச்சு. பெரியவக எல்லாரும் பொறந்த வீட்டுக் கோடிக்குக் காத்திருக்கணும்னாக. எங்கம்மாவுக்குப் பொறந்த வீடே இல்ல, தூக்குங்கன்னு நான்தான் சொன்னேன்."

அவர் கருப்பம்மாளைப் பார்த்தார். அவள் சுவர் ஓரமாக ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதையாவது வாங்கிக்க ஆத்தா" என்று சேலையை நீட்டினார்.

"பொணத்துக்கு எடுத்தத நான் கட்டவா?" என்றாள் முத்துப்பேச்சி. கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. விளக்குமாற்றை எடுத்து, அவர் நின்ற இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் கூட்டினாள்.

காருக்குத் திரும்பினார். டிரைவர் மலைச்சாமி கதவைத் திறக்கவில்லை. "பொணத்துக்குப் போய்ச் சேராத கோடிய வண்டில ஏத்த முடியாதுங்க தலைவரே. காலைல கலியாணச் சவாரி இருக்கு. அத எங்கனயாச்சும் விட்டுட்டு வாங்க."

எங்கே விடுவது? கடைக்காரன் திரும்ப வாங்க மாட்டான். பிணத்தின் மேல் படாத கோடி இன்னொரு சாவைத் தேடும் என்பார்கள், வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. பட்டுச்சேலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சுடுகாட்டுப் பாதையில் நடந்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

சிதையில் தீ நன்றாகப் பிடித்திருந்தது. சடையாண்டி கம்போடு நின்றான்.

"இத நீயாச்சும் எடுத்துக்கப்பா."

"பொணத்து மேல கெடந்த துணின்னா எனக்குப் பாத்தியத அய்யா. இது அந்தம்மா மேல படலையே. எனக்கும் பொண்டாட்டி இருக்கா."

"அப்பத் தீயில போட்டுர்றேன்." சிதையைப் பார்த்து ஒரு எட்டு வைத்தார். "எங்க அக்காய்யா அது."

சடையாண்டி கம்பைக் குறுக்கே நீட்டினான். அவன் குரலில் மரியாதை குறையவில்லை. "பொறந்த வீடு இல்லன்னு ஊரு முன்னால சொல்லித்தான் தூக்கியாந்தாக. இப்ப நீங்க போட்டா, தாயில்லாத அந்தப் புள்ள சொன்னது பொய்யாயிரும். செத்த தள்ளி நில்லுங்கய்யா."

கண்ணுசாமி சேலையோடு தள்ளி நின்றார்.