பாடு நாளை நான் எழுதவில்லை

நாலு வருடம் இருக்கும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் நான் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது காட்டூர்ப் பக்கம், நெல் பயிரிடும் குடும்பம். கல்யாணமாகித்தான் இந்த ஊருக்கு வந்தேன். சான்றிதழ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் நானே போட்டுக் கொடுப்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு பேச்சு. சொல்வதற்கென்ன, எனக்கும் அந்த நினைப்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஏரித் தீவிலிருந்து தினமும் இறால் விற்க வரும் ஓர் அக்கா, அன்றைக்குக் கூடையை என் கடை வாசலில் இறக்கிவிட்டு மகளின் மார்க் ஷீட்டை நீட்டினார். நல்ல மதிப்பெண். பெண்ணுக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசை. படகுத்துறைக்குப் பக்கத்திலேயே ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் இன்னோர் அரசுப் பள்ளி, பெரியது. பிளஸ் ஒன்னுக்கு எதில் சேர்ப்பது என்று கேட்டார்.

சும்மா இருப்பேனா! ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். ரிசல்ட் எப்படி, லேப் இருக்கிறதா, உயிரியலுக்கு டீச்சர் உண்டா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று வரிசையாக எழுதினேன். பக்கத்துப் பள்ளியில் உயிரியல் டீச்சர் மாற்றலாகிப் போய், வேறு பாட டீச்சர்தான் சமாளித்துக்கொண்டிருந்தார். எந்த வரியைப் பார்த்தாலும் தூரத்துப் பள்ளிதான் ஜெயித்தது. எனக்கு ஏதோ நானே அந்தப் பள்ளியைக் கட்டின மாதிரி பெருமை.

அக்கா தயங்கினார். அவர் வீட்டுக்காரருக்குப் பாடு வருகிற நாளில் காலையில் படகு கிடைக்காதே என்றார். ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்களில் வலை போட முறை வைத்திருப்பார்கள், அதுதான் பாடு. தன் முறை வந்த அன்று விடிவதற்குள் போய்விட வேண்டும். விட்டால் அடுத்த முறை வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். மற்ற நாட்களில் அப்பாவே மகளை முதல் பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவார். பாடு நாளில் எட்டு மணிக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளின் படகுதான் கதி. பக்கத்துப் பள்ளிக்கு அது போதும்.

"மாசத்துல நாலு நாள் லேட்டா போனா இன்னாக்கா ஆயிடும்? கண்ண மூடிக்கினு சேரு" என்றேன். அவரும் என் பேச்சை நம்பிச் சேர்த்துவிட்டார்.

அரையாண்டு விடுமுறை முடிந்து சில நாட்களில் அந்தப் பெண் தனியாகக் கடைக்கு வந்தாள். ஒரு தாளைக் கொடுத்து ரெண்டு காப்பி கேட்டாள். கண்ணாடியில் கவிழ்க்கும்போதுதான் பார்த்தேன், டி.சி. என்னம்மா ஆச்சு என்று கேட்டேன்.

மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்களாம். ரெண்டு மூன்று தரம் தாமதமானதும், லேட்டான அன்றைக்கே அப்பா வந்து சொன்னால்தான் வகுப்பு என்றார்களாம்.

"நைனாவ இட்டுனு வான்றாங்கக்கா. பாடுல கீற மனுசன எப்டி இட்டுனு போறது?" என்றாள்.

வீட்டில் சொன்னால் அப்பா பாட்டை விட்டுவிட்டு வந்து நிற்பார் என்று பயந்து, ஒன்றுமே சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஒரு நாள் போகாததற்கு மறுநாள் லெட்டர் கேட்டார்கள். அதற்குப் பயந்து அடுத்த நாளும் போகவில்லை. அப்படியே நாட்கள் போய், பாடமும் புரியாமல் போய்விட்டது.

அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கு ஓடினேன். தலைமை ஆசிரியர் நல்ல மனுஷி. பாதி வருடத்தில் சேர்க்க வழியில்லை, ஜூனில் வா, நானே சேர்த்துக்கொள்கிறேன் என்றார். ஜூனில் அவள் வரவில்லை. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாம். இறால் உரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

அக்கா என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். தப்பு என் மேல்தான் என்று நான் அழுதபோது, "நீ இன்னாம்மா பண்ணுவ? நல்ல இஸ்கூலதான் சொன்ன. எங்களுக்குத்தான் குடுத்து வெக்கல" என்றார்.

அவர் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஒரு விஷயத்தைத்தான் நான் அந்தத் தாளில் எழுதவில்லை. இப்போதும் அந்தப் பெண் கம்பெனி வேனில் கடைத்தெரு வழியாகப் போகும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். உன் படிப்பைக் கெடுத்தது என் மேதாவித்தனம்தான் என்று அவளிடம் சொல்ல எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.