ஒன்பது மீட்டர் மிச்சம்

ஜப்பானின் செண்டாய் நகரத்துச் சுரங்க ரயிலுக்கு மண் தோண்டியவர்களில், இவாகிச்சி மேஸ்திரியிடம் அடி வாங்காதவன் ஒருத்தனைக் காட்டுங்கள், அவனுக்கு மாலை போடலாம். தெற்கே ஓய்தா கடற்கரையில் பிறந்து, பதினாறு வயதில் மலைக்குள் இறங்கிய மனுஷன். அணைக்குக் குகை வெட்டினார், ரயிலுக்கு மலை குடைந்தார், ஐம்பத்திரண்டாவது வயதில் இந்த ஊர்த் தெருக்களுக்கு அடியில் வந்து சேர்ந்தார். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. அடிக்க வலது கை போதும் என்பார்.

அடித்தாலும் நல்லவர் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பொய் சொல்லக் கூடாது. தலைக்கவசம் கோணலாக இருந்தால் அறை, இருமினால் உதை. ஆனால் முப்பத்தாறு வருஷத்தில் அவர் இருந்த கோஷ்டியில் ஒரு சாவு இல்லை. அந்தப் பெருமையைத்தான் அவர் மூன்று வேளையும் தின்றார்.

அந்த நவம்பரில் இரண்டு கோஷ்டிகள் எதிரெதிரே தோண்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்பது மீட்டர் மண் மிச்சம். எவன் முதலில் உடைத்து அந்தப் பக்கம் கால் வைக்கிறானோ அவன்தான் பெரிய மேஸ்திரி. முந்தைய இரண்டு முறையும் எதிர்க் கோஷ்டி முந்தியிருந்தது. மூன்றாவதும் போனால் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

ஒருநாள் விடிந்ததும் இவாகிச்சி விளக்கோடு தனியாக இறங்கிப் பார்த்தார். தோண்டிக்கொண்டிருந்த மண் முகப்பின் மேல் மூலையில் தண்ணீர் கசிந்தது. நேற்றுத் தெளிவாக வந்தது, இன்று சேறாக வந்தது. சேறு வந்தால் உள்ளே மண் நகர்கிறது என்று அர்த்தம். இது தெரியாத சுரங்கக்காரன் இல்லை. சொன்னால் இன்ஜினியர் மூன்று நாள் வேலையை நிறுத்திவிடுவார். மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டு மேலே ஏறினார்.

கொட்டகையில் காலைச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. சேர்ந்து ஆறே நாளான தொகுரோ, படகை விற்றுவிட்டு வந்த நாற்பது வயது மீனவன், மிசோ என்கிற சோயா சூப்பைத் தூக்கிச் சோற்றின் மேல் ஊற்றினான். சூப்பில் சோறு சரிகிற மாதிரி தலைக்கு மேல் மண் சரியும் என்று, சுரங்கக்காரன் எவனும் அதைச் செய்யமாட்டான்.

"யோவ், என்னய்யா பண்ற?" பக்கத்திலிருந்த யசுஹேய் பதறினான். "மேஸ்திரி பாக்குறதுக்குள்ள கொட்டுய்யா!"

"சோத்தைக் கொட்டுறதா? படகுல நாங்க இப்படித்தான் திம்போம்."

மேஸ்திரி பார்த்துவிட்டார். கிண்ணம் சுவரில் போய் உடைந்தது. முதல் குத்தில் தொகுரோவின் மூக்கு உடைந்தது. விழுந்தவனை விலாவில் மிதித்தார், மறுபடியும் மிதித்தார். காலையில் பார்த்த சேற்றுத் தண்ணீரைத்தான் அவர் மிதித்துக்கொண்டிருந்தார், பயம் அப்படிப்பட்டது.

"போதும் மேஸ்திரி, செத்துருவான்!" என்று யசுஹேய்தான் இடுப்பைப் பிடித்து இழுத்தான்.

"இவனால ஒருத்தன் செத்தா எவன்டா பதில் சொல்றது? இவன் கீழ எறங்க வேணாம், இங்கயே கெடக்கட்டும். இவன் எடத்துல நீ நில்லு," என்று யசுஹேயிடம் கத்தினார் மேஸ்திரி.

பதினொரு மணிக்கு மண் சரிந்து வந்தது. ஒரே மூச்சில், லாரி கவிழ்ந்த மாதிரி. பின்னால் நின்ற இவாகிச்சியும் மற்றவர்களும் தப்பினார்கள். நகம் பிய்யப் பிய்யக் கையாலேயே தோண்டினார்கள். யசுஹேயை இழுத்தபோது வாய் நிறையச் சேறு, கழுத்து ஒடிந்து தொங்கியது.

யசுஹேயின் தம்பி கென்பே அழவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினான். அவன் பின்னால் பத்துப் பேர். மூக்கில் பஞ்சு வைத்துக் குழாயடியில் உட்கார்ந்திருந்த தொகுரோவை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டு, பூட்ஸ் காலால் மிதித்தார்கள். அவன் தடுக்கவே இல்லை.

"ஆமா, நான்தான்," என்று ரத்தம் துப்பினான். "அவன் என் எடத்துல நின்னான். கொல்லுங்க."

கென்பே மண்வெட்டியை ஓங்கினான். இவாகிச்சி ஓடிவந்து பிடியைப் பற்றினார்.

"விட்ருடா அவனை."

"காலைல நீங்கதான அடிச்சீங்க? சூப்பு ஊத்துனா மண்ணு விழும்னு சொல்லிச் சொல்லி வளத்தது நீங்கதான? இப்ப என்ன புதுக் கரிசனம்? தள்ளுங்க மேஸ்திரி!"

தள்ளி நின்றால் மண்வெட்டி தொகுரோவின் மண்டையில்தான் இறங்கும். இவாகிச்சி விடவில்லை.

"சூப்பு இல்லடா. காலைல தண்ணி சேறா வந்துச்சு. பாத்தேன். எதிர்க் கோஷ்டி முந்திருவான்னு சொல்லாம விட்டேன். உங்க அண்ணனைக் கொன்னது நான்."

கென்பேயின் கையிலிருந்து மண்வெட்டி நழுவியது. தரையில் கிடந்த தொகுரோ முட்டி போட்டு, சுவரைப் பிடித்து எழுந்தான். மன்னிப்பான் என்றுதான் அங்கே நின்றவர்கள் நினைத்தார்கள். உயிரைக் காப்பாற்றியவர் அல்லவா.

"ஒரு மணி நேரமா," என்றான், "நான்தான்யா அவனைக் கொன்னேன்னு நெனச்சிட்டிருந்தேன்!"

மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து மேஸ்திரியின் முகத்தில் குத்தினான். இரண்டு பல் தெறித்தது. இவாகிச்சி விழவில்லை, கையையும் தூக்கவில்லை. அடுத்து கென்பே அடிக்க வந்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.